நம் முகவரியைச் சொல்வது யார்?

"சார், வெப்சைட்டுக்கு நேம் சர்வர்னு ஒண்ணு வேணுமாமே, அதை நாமே வெச்சுக்கலாமா, இல்லே வெளியே குடுத்துடலாமா?" என்று சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கம்ப்யூட்டர் நெட்வொர்க் துறையில் பிழைப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். நாம் தட்டுவதோ பெயர். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடுதான் டி.என்.எஸ். ஆரம்ப நாட்களில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன, கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் அதைப் பராமரித்தது. பட்டியல் நீண்டு சமாளிக்க முடியாமல் போகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் புதிய முறையை வகுத்தார். அதன்படி அவரவர் பெயருக்கான விவரத்தை அவரவர் நேம் சர்வரே சொல்லும். அதைச் சொந்தமாகவும் வைக்கலாம், பிறரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம்.

நேம் சர்வர் படுத்துவிட்டால், வெப்சைட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் யாரும் வந்து சேர முடியாது. ஈமெயிலும் வராது. முன்பு கேட்டு வைத்த பதிலைப் பிற சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரம் தீர்ந்ததும் அவ்வளவுதான்.

சொந்தமாக வைப்பதில் லாபம் உண்டு. 'பைண்ட்' போன்ற மென்பொருள் இலவசம். எல்லா மாற்றமும் நம் கையில். ஆனால் இரவு பகலாக மின்சாரமும் இணைப்பும் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போட வேண்டும். ஒரு சர்வர் போதாது, இரண்டாவது வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997-லேயே வழிகாட்டுக் குறிப்பு வெளியாகிவிட்டது. அப்படியிருந்தும் மைக்ரோசாஃப்ட் தன் நான்கு நேம் சர்வர்களையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்திருந்தது. 2001 ஜனவரியில் ரூட்டரில் செய்த ஒரு மாற்றத்தால் அதன் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முடங்கின. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். பேஸ்புக்கின் உள் நெட்வொர்க் அறுந்ததும், அதன் சொந்த நேம் சர்வர்களும் வெளியுலகத்துக்கு எட்டாமல் போயின. ஆறு மணி நேரம் போல ஆயிற்று சரியாக.

சரி, வெளியே கொடுத்தால்? பெரிய நிறுவனங்கள் பல நகரங்களில் சர்வர் வைத்து, கேட்பவருக்கு அருகிலிருந்தே பதில் தருகின்றன. பெயர் பதிவு செய்யும் இடத்திலேயே பெரும்பாலும் தனிக் கட்டணமின்றி இந்தச் சேவை கிடைக்கிறது. ஆனால் இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2016 அக்டோபர் 21-ல் 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். தாக்கப் பயன்பட்டவை வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த கேமரா போன்ற கருவிகள். டைனை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அன்று பலருக்குக் கிடைக்கவில்லை.

ஆக, சொந்தமா வாடகையா என்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தோமா என்பதே முக்கியம். சங்கத்துக்கும் சிறு கடைக்கும் வெளியே கொடுப்பதே நல்லது. லினக்ஸ் கற்கும் பிள்ளைகள் தனியே ஒரு பெயர் வாங்கி, அதில் சொந்த சர்வர் நடத்திப் பழகட்டும்.

ஆனால் பெயரின் சாவியை மட்டும் வெளியே கொடுத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில், பொறுப்பிலிருந்தவர் தம் ஆபீஸ் ஈமெயிலில் பெயரைப் பதிவு செய்திருந்தார். வேறு வேலைக்கு மாறிப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் பழைய ஆபீசுக்கே போயின. கெடு தாண்டிப் பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். பல வருஷத்துப் பொங்கல் விழாப் படங்கள் சர்வரில் பத்திரமாகவே இருந்தன. பழைய முகவரியில் தேடியவருக்குத்தான் கிடைக்கவில்லை.

மாற்றலாகிப் போவது நம் குடும்பங்களில் சகஜம். ஆகவே பெயரைச் சங்கத்தின் பேரில், சங்கத்தின் பொது ஈமெயிலில் பதியுங்கள். அந்த ஈமெயில் நம் டொமைனிலேயே இருக்க வேண்டாம். பெயர் போனால் அதுவும் போய்விடும். பாஸ்வேர்டு இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும். டி.என்.எஸ். விவரங்களை அச்செடுத்துச் சங்கக் கோப்பில் வையுங்கள். கெடு முடியும் தேதியை ஆண்டுப் பொதுக்குழுவில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் தேவையில்லை.