தென்காசிச் சாலையில் ஒரு டெக்சாஸ்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மேற்கே மலை, கிழக்கே கரிசல். மூன்றுமே கோட்டை இருந்த ஊர்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் பத்திரிகைகள் பாளையக்காரர் கதையைக் கையில் எடுக்கும். வாள், பீரங்கி, தூக்குமரம் என்று அது ஓடும். அந்த வாளைப் பிடித்தவன் இந்த மண்ணுக்கு எப்போது வந்தான், யார் கொடுத்த நிலத்தில் உட்கார்ந்தான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கலகத்தின் வேர் அந்தக் குடியேற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் பாண்டிய நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள். மலையடிவாரத்து மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர் கையில். கிழக்குக் கரிசல் தெலுங்கு நாயக்கர் கையில். விஜயநகரம் சரிந்த பிறகு வடக்கிலிருந்து இறங்கிய ராஜுக்கள் இன்றைய ராஜபாளையத்தில் ஊன்றினார்கள். ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் ஓர் அரண்மனையே கட்டிக்கொண்டார். பாளையக்காரருக்கு விதித்தவை மூன்று: கப்பம் கட்டு, கேட்டால் படை அனுப்பு, ஊரைக் காவல் செய். ஆனால் நாலு தலைமுறை ஓடியதும் என்ன நடக்கும்? கண்மாய் வெட்டியிருக்கிறான், கோயில் எடுத்திருக்கிறான், செத்தவர்களை இங்கேயே புதைத்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் எவருடைய ஏஜெண்டும் இல்லை.

உலகத்தின் மறுகோடியில் இதே கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. வட அமெரிக்காவில் டெக்சாஸ், ஸ்பெயினின் எல்லைப்புறக் காலனி. ஆள் போதவில்லை என்று 1731-இல் கேனரித் தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து சான் அந்தோனியோவில் இருத்தினார்கள். 1813-இல் அங்கே ஸ்பெயினிடமிருந்து விடுதலை என்று அறிவித்த எழுச்சி, அதே ஆண்டு ஆகஸ்டில் மெதினா போரில் நசுக்கப்பட்டது. 1821-இல் அமெரிக்கக் குடும்பங்களைக் குடியேற்ற மோசஸ் ஆஸ்டினுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு மெக்சிகோவே ஸ்பெயினை உதறியது. மகன் ஸ்டீபன் ஆஸ்டின் ஏறத்தாழ 300 குடும்பங்களை அமர்த்தினார். 1830-இல் மெக்சிகோ கதவைச் சாத்தப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. 1835 அக்டோபரில் கொன்சாலெஸ் ஊர்க்காரர்கள், தங்களுக்குத் தந்திருந்த ஒரு பீரங்கியைத் திருப்பித் தர மறுத்தார்கள். 1836 மார்ச் 2-இல் தனிநாடு என்று அறிவிப்பு, ஏப்ரல் 21-இல் சான் ஹசிந்தோவில் வெற்றி. அந்தக் குடியேறிகளில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள், மெக்சிகோவின் அடிமை ஒழிப்பும் அவர்களுக்குக் கசந்தது என்ற கறையை மறைக்க முடியாது. ஆனாலும் நிலம் கொடுத்து உட்கார வைத்தவனை அதிகாரத்தால் எழுப்ப முடியாது என்ற பாடம் இரண்டு இடத்துக்கும் பொது.

நம் பக்கம் வருவோம். 1750-களில் ஆர்க்காட்டு நவாப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியும் வரி கேட்டு இந்தச் சாலையில் இறங்கியபோது நெற்கட்டும்செவல் புலித்தேவன் ஒரு கூட்டணி கட்டினார். சேத்தூர் அதில் உண்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கொல்லங்கொண்டான் உண்டு. ஊத்துமலை, தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி உண்டு. ஒரு கட்டத்தில் திருவிதாங்கூரும் சேர்ந்தது. எல்லோரும் வந்துவிடவில்லை, எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அப்போது விலகி நின்றன. மதுரைக்கும் நெல்லைக்கும் நடுவில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையை வைத்துக்கொள்ள இரு தரப்பும் மோதின. 1761-இல் கம்பெனித் தளபதி யூசுப்கான் புலித்தேவனின் கோட்டைகளைப் பிடித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். அது மண்கோட்டைதான். பீரங்கி சுவரைப் பிளக்கப் பிளக்க, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனையையும் போட்டு ஓட்டையை அடைத்தார்கள். அடைக்கும்போதே குண்டு விழும்; விழுந்தவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான். கடைசியில் கொட்டுகிற மழையில், இரவோடு இரவாக மலைக்குள் போய்விட்டார்கள். எதிர்த்து நின்ற கர்னலே அந்தத் துணிவை வியந்து எழுதினார். சம்பளத்துக்கு வந்த சிப்பாய் அப்படிச் சுவர் அடைக்க மாட்டான். தன் வீட்டுச் சுவரை அடைக்கிறவன்தான் அப்படி நிற்பான்.

1798-இல் கட்டபொம்மன் கலெக்டரைப் பார்க்கக் குற்றாலத்தில் தொடங்கி சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பின்னாலேயே அலைந்ததும் இந்தச் சாலையில்தான். இராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது. அது எப்படி முடிந்தது என்பது சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். 1799-இல் கயத்தாற்றில் தூக்கு. 1801-இல் மறுபடி பாஞ்சாலங்குறிச்சி, பிறகு மருது சகோதரர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயுதத்துக்குத் தடை, கோட்டைகளுக்கு இடிப்பு. 1803-இல் மிஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. வாளைக் கொடுத்துவிட்டு சனது என்ற உரிமைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் தங்கள் கப்பத்துக்காகத்தான் சண்டை போட்டார்கள், சுதந்திரம் என்ற சொல்லெல்லாம் பிறகு ஏற்றியது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு.

அந்த ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தது. அடுத்த ஆண்டு சென்னை மாகாண முதல்வர் ஆனவர், ராஜபாளையத்தில் குடியேறிய மரபில் வந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைத் தோற்கடித்ததும் இதே மக்கள்தான். வாளால் முடியாததை ஓட்டுச் சீட்டால் முடித்துக்கொண்டார்கள்.

என்னை அரிப்பது வேறு. இன்று சுவரொட்டிகளைப் பாருங்கள். ஒரு வீரனுக்கு ஒரு சாதி, ஒரு சாதிக்கு ஒரு கொடி, ஒரு கொடிக்கு ஒரு நாள். புலித்தேவன் படத்துக்குப் பக்கத்தில் அவர் தளபதி ஒண்டிவீரன் படம் இருந்தால் யாருக்கோ வலிக்கிறது. கட்டபொம்மன் விழாவில் அவரோடு நின்ற வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் தானாபதிப் பிள்ளையும் பேச்சோடு பேச்சாகப் போய்விடுகிறார்கள். தெலுங்கு பேசியவனும் தமிழ் பேசியவனும் ஒரே கோட்டைக்குள் நின்ற கதை இது. கூட்டணியாக நின்றதை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போடுவது, கோட்டையை இடித்தவர்கள்கூடச் செய்யாத வேலை. அவர்கள் மண்ணைத்தான் இடித்தார்கள்.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவர் இருந்தார். சின்ன மருதுவின் பிள்ளை துரைசாமி, மீசை முளைக்காத வயதில், இருந்தார். இராமநாதபுரத்து ஜகந்நாத அய்யரும் பாஞ்சாலங்குறிச்சித் தளவாய் குமாரசாமி நாயக்கரும் இருந்தார்கள். ஒரே கப்பல்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்ப் பள்ளி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுவிழாவில் கட்டபொம்மன் வசனம் பேச ஒரு பையனை நிறுத்தும்போது, வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம், தானாபதிப் பிள்ளை மூவருக்கும் வேடம் போடுங்கள். அவர்களுக்கும் வசனம் எழுதிக் கொடுங்கள். எந்த வேடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்கள்.