நச்சுக்கொடியின் தனிக் கணக்கு

“மகளின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கருவில் 16ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல் என்றார்கள். பனிக்குட நீரைப் பார்த்தால் குறையே இல்லையாம். எதை நம்புவது?” என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. இரண்டையுமே நம்பலாம், அம்மா.

தாயின் ரத்தத்தில் சிசுவின் டிஎன்ஏ என்று தேடுவது பெரும்பாலும் நச்சுக்கொடியிலிருந்து கசிந்தது. பனிக்குட நீரில் மிதப்பவையோ குழந்தை உதிர்த்த செல்கள். பிழை நச்சுக்கொடியோடு நின்றுவிடக்கூடும் என்று கனடாவின் டாக்மர் கலௌசெக்கும் ஃபிரெட் டில்லும் 1983இல் காட்டினார்கள். 10, 12 வாரங்களில் நச்சுக்கொடித் துணுக்கை எடுத்துச் சோதித்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டில் இது தென்படுகிறது.

இது நேரும் விதம்தான் என்னை வியக்கவைக்கிறது. பல சமயம் தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று என மூன்று குரோமோசோம்களோடு கரு தொடங்குகிறது. செல் பிரியும்போது ஏதோ ஒரு செல் மிகையான ஒன்றை உதறிவிடுகிறது. அதன் வாரிசுகள் குழந்தையாகின்றன. உதறாதவை நச்சுக்கொடியில் தங்குகின்றன. ஆனால் எதை உதறுவது என்பதில் தேர்வு கிடையாது. மூன்றில் ஒரு முறை தந்தையின் பங்கே போய்விடும். எண்ணிக்கை சரி, இரண்டுமே தாயுடையவை. 15ஆம் குரோமோசோமில் இப்படி ஆனால் பிராடர்-வில்லி நோய்: பால் குடிக்கவும் தெம்பில்லாத சிசு, வளர்ந்தபின் அடங்காத பசி. எண்ணிப் பார்க்கும் சோதனைக்கு இது சிக்காது.

நச்சுக்கொடிக்குள்ளும் இடத்துக்கு இடம் மரபணு மாறுகிறது என்று 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். எங்கள் கொல்லை வாழையில் ஒரு கட்டையில் பழுது இருந்தால் அதன் கன்றுகள் அத்தனையிலும் அது இருக்கும். பக்கத்துக் குத்து செழித்து நிற்கும். அப்படித்தான் இதுவும்.

16ஆம் குரோமோசோம் மிகுந்த நச்சுக்கொடி சில சமயம் குழந்தைக்குப் போதிய ஊட்டம் தராது. எடை குறையும், தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும், பிரசவம் முந்தும். ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. குழந்தை சிறுத்துப் பிறந்தால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? “ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டா.” அவளைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், விடை சொல்லியிருக்கக்கூடிய அந்த அரைக் கிலோ சதை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய்விடுகிறது. அநியாயம் இது.

ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்கு யாரும் போகாதீர்கள். பனிக்குட நீரின் முடிவு வரும்வரை பொறுங்கள். உங்கள் மகளுக்குப் பிரசவம் வரை வளர்ச்சி ஸ்கேன் தவறக் கூடாது, அம்மா. இரண்டும் தாயுடையவைதானா என்று பார்க்கும் சோதனை தேவையா என மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள். நச்சுக்கொடியை ஆய்வுக்கு அனுப்பும்படி இப்போதே சொல்லி வையுங்கள்.