கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள்!

குழந்தைக்கு வந்திருப்பது சளியா, நிமோனியாவா? ஒரே நிமிஷத்தில் தாயே கண்டுபிடிக்கலாம்

நள்ளிரவு. மணி இரண்டு. எட்டு மாதக் குழந்தை இருமுகிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

"வெறும் சளிதான். விடிந்தால் சரியாகிவிடும். மூன்று பிள்ளை வளர்த்தவள் நான்" என்கிறாள் பாட்டி.

"இல்லை, அத்தை. இவன் மூச்சு விடுவதைப் பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறாள் தாய்.

யார் சொல்வது சரி? விடியும்வரை காத்திருக்கலாமா? இப்பொழுதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?

சிறு குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி எழும். இதற்கு விடை சொல்லும் கருவி சுவரிலேயே தொங்குகிறது. அதுதான் கடிகாரம்!

எல்லாச் சளியும் ஒன்றல்ல

சிறு குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். பெரும்பாலும் இதற்குக் காரணம் வைரஸ் கிருமிகள். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், காய்ச்சல் இரண்டொரு நாள் இருக்கும். இருமல் மட்டும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். பிறகு தானே போய்விடும். இதற்கு ஊசியும் வேண்டாம். கிருமிக்கொல்லி மருந்தும் வேண்டாம். அந்த மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யாது.

அபாயம் எப்போது? நோய் தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கும்போது!

நுரையீரலுக்குள் திராட்சைக் கொத்துப் போல நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. இரத்தத்தில் பிராணவாயு கலப்பது இங்கேதான். நிமோனியா வந்தால் இந்த அறைகளில் சீழும் நீரும் கட்டிக்கொள்ளும். ஒரு மூச்சில் கிடைக்கவேண்டிய பிராணவாயு கிடைக்காது. குழந்தை என்ன செய்யும்? குறைந்ததை ஈடுகட்ட வேகவேகமாக மூச்சு விடும்.

2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவுக்குப் பலியானார்கள். காலத்தில் மருந்து கொடுத்திருந்தால் இவர்களில் மிகப் பலர் பிழைத்திருப்பார்கள்.

வேலூரில் நடந்த ஆராய்ச்சி

முன்பெல்லாம் நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப் வேண்டும், எக்ஸ்ரே வேண்டும். மலைக்கிராமத்தில் இவற்றுக்கு எங்கே போவது?

பாப்புவா நியூகினி நாட்டின் மலைப்பகுதியில் வேலை பார்த்த டாக்டர் பிராங்க் ஷான் என்பவர் இதற்கு வழி தேடினார். மூச்சின் வேகத்தை எண்ணினாலே நோயை அறியலாம் என்று தம் சகாக்களுடன் 1984-ல் எழுதினார்.

நம் வேலூரிலும் இது சோதிக்கப்பட்டது. கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் குழந்தைகளின் மூச்சை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50-க்கு மேல், அதைத் தாண்டிய குழந்தைக்கு 40-க்கு மேல் போனால் நோய் நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம் எனக் கண்டார்கள். 1988-ல் இந்த முடிவு "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று.

மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்ற காட்டுப் பிரதேசம் இருக்கிறது. அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதிகள் கிராமத்து ஊழியர்களுக்கே இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணத் தெரியாதவர்களுக்காக மணிகள் கோத்த சட்டம் ஒன்றையும் செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். நிமிஷம் முடிவதற்குள் சிவப்பு மணி வந்துவிட்டால் நிமோனியா! அந்தக் கிராமங்களில் குழந்தைச் சாவு குறைந்தது.

எண்ணுவது எப்படி?

குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக்கூடாது. தூங்கும்போது எண்ணுவது நல்லது. சட்டையை உயர்த்திவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணவேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குத் தவறும். ஏனென்றால் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது.

இருமல் உள்ள குழந்தைக்குக் கணக்கு இதுதான்:

இரண்டு மாதம் ஆகாத சிசு: 60 அல்லது அதற்கு மேல். (ஒரு முறை எண்ணி அவ்வளவு வந்தால், மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.)

இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவைத் தொட்டால் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கிக் குழி விழுவது, பால் குடிக்க முடியாமல் போவது, உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது, வலிப்பு வருவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்குக் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

செய்யத்தக்கதும் தகாததும்

சாதாரணச் சளிதான் என்று தெரிந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன் இருமலை அடக்கும். ஒரு வயதுக்குள் தேனைத் தொட்டு வைக்கவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் உடம்பைச் செயலற்றதாக்கிவிடும்.

குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அதுவே நிமோனியா ஆகும். சாம்பிராணிப் புகையும் பீடிப் புகையும் விறகடுப்புப் புகையும் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகா.

இருமல் மருந்தைத் தாமாக வாங்கிப் புகட்டுவது பெரிய ஆபத்து. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். தமிழ்நாட்டில் தயாரான அந்த மருந்தில் டைஎதிலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது.

தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நிமோனியாவுக்குக் காரணமான இரண்டு முக்கியக் கிருமிகளுக்கு எதிரான ஊசிகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஒன்று, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி. மற்றொன்று, 2021-ல் தமிழ்நாட்டுக்கு வந்த நியூமோகாக்கல் ஊசி.

அந்த இரவு...

விளக்கைப் போட்டாள் தாய். குழந்தையின் சட்டையை உயர்த்தினாள். கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள். நிமிஷம் முடிந்தது.

"ஐம்பத்தெட்டு, அத்தை."

பாட்டி மறுபேச்சுப் பேசவில்லை. கொடியில் கிடந்த போர்வையை எடுத்தாள்.

"குழந்தையைத் தூக்கு. நானும் வருகிறேன்."