பழைய யப்பானிய மோட்டார் வண்டியும் மலைநாட்டு அநுபவமும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும் பழைய மாணவர் ஒன்றுகூடும் போதெல்லாம் எம்மிடம் கேட்கப்படும் வினா இலக்கியம் பற்றியதன்று. "சேர், பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம்?" என்பதே அவ்வினா. நாம் 2021 ஆம் ஆண்டு முதல் வட்டகொடையில் பழைய வண்டியொன்றை ஓட்டி வருவதும், அதனை வாங்கியதில் நாம் பட்ட பாடும் பலர் அறிந்தவையாதலின் இவ்வினா எம்மை நாடி வருகின்றது போலும். ஆகவே எமது அநுபவத்தோடு அமையாது, வட்டகொடை, தலவாக்கலை, பூண்டுலோயா, அட்டன் ஆகிய இடங்களில் இத்தகைய வண்டிகளை வைத்திருப்போர் சிலரைக் கண்டு, அவர்தம் கருத்துக்களையும் கேட்டு ஈண்டுத் தொகுத்துத் தருகின்றோம்.

தேயிலைத் தோட்டங்களில் மோட்டார் வண்டி ஒருகாலத்தில் துரைமாரின் உடைமையாகவே இருந்தது. ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் முதலிய ஆங்கில வண்டிகள் தோட்டத்துப் பாதையில் வரக் கண்டால் எம் முன்னோர் ஒதுங்கி நின்று வழிவிட்டனர். 1977 ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளரவே யப்பானிய வண்டிகள் நாட்டிற் பெருகின. அதற்குக் காரணமும் உண்டு. யப்பானிலும் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகவே செல்கின்றன. ஓட்டுநர் வலப்புறத்தே அமர்கின்றார். ஆதலின் அந்நாட்டார் ஓட்டிய வண்டி மாற்றமெதுவுமின்றி எம் வீதிகளுக்குப் பொருந்திற்று. மேலும், அங்கே புதிய காருக்கு முதல் 3 ஆண்டுகளின் முடிவிலும், அதன்மேல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அப்பரிசோதனைக்குச் செலவு மிகுதியாகையால், நல்ல நிலையிலுள்ள வண்டியையே பலர் விற்றுவிடுகின்றனர்.

இவ்வாறு வந்த நடுத்தர வண்டிகளுள் டொயோட்டாவின் கரினா, கொரோனா என்பன முதலில் பெயர் பெற்றன. அவற்றின் வழித்தோன்றல்களாக 2001 டிசெம்பரில் அலியனும் பிரிமியோவும் வெளிவந்தன. 2007 இல் புதிய உருவம் பெற்றன. 2021 மார்ச்சுடன் அவற்றின் உற்பத்தி நின்றது. நிசானின் புளூபேர்ட் சில்பியும் இவ்வகையினதே. இலங்கை அரசு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டிகளே கைமாறின, விலை ஏறிற்று. வாங்கிய விலையினும் கூடிய விலைக்குப் பல ஆண்டுகளின் பின் விற்றோரும் உளர். ஆகவே, இன்று ஒருவர் வாங்கும் அலியனோ பிரிமியோவோ பெரும்பாலும் 2020 க்கு முன்னர் இந்நாட்டுக்கு வந்து, எம் வீதிகளிலே பலரால் ஓட்டப்பட்டதாகவே இருக்கும். இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, உடையோர் கருத்துக்களை நோக்குவோம்.

வட்டகொடையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாக அலியன் ஒன்றை வைத்திருக்கின்றார். "எந்தச் சிற்றூர்க் கராஜிலும் இதனை அறிந்த பாஸ் ஒருவர் இருப்பார், எந்தப் பாகமும் அன்றே கிடைக்கும்" என்பது அவர் கூறும் சிறப்பு. இக்கூற்றில் உண்மையுண்டு. 1,500 சி.சி. அளவுள்ள அதன் எஞ்சின், கொரோல்லா முதலிய வேறு பல டொயோட்டா வண்டிகளுக்கும் பொதுவானது. பழைய கரினாவில் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டிய இறப்பர்ப் பட்டி இருந்தது; இதிலோ அதற்குப் பதிலாகச் சங்கிலி உண்டு. எண்ணெயைக் காலந் தவறாது மாற்றுவோருக்கு அச்சங்கிலி நெடுங்காலம் உழைக்கும்.

தலவாக்கலையில் கடை வைத்திருக்கும் அன்பர் பிரிமியோவின் சொகுசைப் புகழ்கின்றார். கொழும்புக்குப் போய் அன்றே திரும்பினாலும் முதுகு வலிப்பதில்லை என்கின்றார். ஆயினும் அவருக்கும் குறையொன்று உண்டு. கல் பெயர்ந்த தோட்டத்துப் பாதையில் வண்டியின் முன்புறம் இடிபடுகின்றதாம். எரிபொருட் செலவும் அவரை வருத்திற்று. 2021 டிசெம்பர் இறுதியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அடுத்த மாதம் பங்கீடு தொடங்கியபோது காரொன்றுக்கு வாரத்திற்கு 20 லீற்றரே கிடைத்தது. மலைப்பாதையில் லீற்றருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தம் வண்டி ஓடுவதில்லையென அவர் கணக்கிட்டுக் கண்டது அக்காலத்திலேதான்.

பூண்டுலோயாவிலுள்ள இளம் ஆசிரியர் ஒருவர் சில்பி வாங்கியிருக்கின்றார். அதே ஆண்டைச் சேர்ந்த பிரிமியோவிலும் விலை குறைவு, இருக்கைகளோ விசாலமானவை என்பது அவர் வாதம். விற்கும்போதும் அவ்வாறே விலை குறையும் அன்றோ என்று கேட்டோம். "நான் ஓட்டுவதற்கு வாங்கினேனேயன்றி விற்பதற்கு வாங்கவில்லை" என விடையிறுத்தார். நல்ல விடைதான், ஆனால் ஓட்டுவதற்கென வாங்கியோரும் ஒருநாள் விற்க நேர்வதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அட்டனில் வாடகைக்கு வண்டி ஓட்டும் நண்பரின் கதை வேறு. வாங்கி நான்கு மாதத்தில் அவர் வண்டியின் தானியங்கிக் கியர்ப் பெட்டி பழுதாயிற்று. வண்டியின் பெயரை எழுதுதல் முறையன்று. ஏனெனில் பிழை வண்டியினதன்று. அப்பெட்டிக்குரிய எண்ணெயை விடுத்து, கைக்குக் கிடைத்த எண்ணெயை முன்னைய உரிமையாளர் ஊற்றியிருந்தார். 2022 இன் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவரை சென்றது. பாகங்களின் விலையும் அதனோடு ஏறவே, அவருக்கு அப்பெட்டியை மாற்றிய செலவு ஓராண்டு உழைப்பை விழுங்கிவிட்டது.

ஒரே வகை வண்டியை ஒருவர் புகழ, மற்றொருவர் இகழக் காண்கின்றோம். எவரை நம்புவது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெரும்பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் தவறான தெரிவென்று ஒப்புக்கொள்ள எவருக்கும் மனம் வராது. ஆதலின் உடையோரிடம் "வண்டி எப்படி?" என்று வினவுதல் பயனற்றது. எங்கே ஓட்டினீர், எதனை மாற்றினீர், எவ்வளவு செலவிட்டீர் என்று வினவுதலே தக்கது. எமக்கு இதனை உணர்த்தியவர் தலவாக்கலையிலுள்ள முதிய பாஸ் ஒருவர். "சேர், எத்தன கிலோமீற்றர் ஓடிச்சின்னு கேக்காதீங்க, எந்த மலையில ஓடிச்சின்னு கேளுங்க" என்றார். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறைத்து வைப்பது தரகர் சிலருக்கு எளிய வேலை. மலை ஏறி இறங்கிய தழும்பை மறைப்பதோ அத்துணை எளிதன்று.

நிற்க. மலை வண்டிக்குச் செய்வது யாது? உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. எஞ்சினின் வலுவும் குறைகின்றது. ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறத்தாழ 100 க்கு 3 பங்கு குறையுமென்பர். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவை அடையும்போது, சாதாரண பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் ஆறிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடுகின்றது. சமதரையில் நன்றாயோடிய வண்டி மலையில் திணறுவது இதனாலேயே. எனவே விற்பவர் கொழும்பிலோ குருநாகலிலோ இருந்தாலும், வாங்குமுன் நால்வரை ஏற்றி ஏற்றமொன்றில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் இரைச்சலிட்டுச் சுழன்றும் வண்டி அதற்கேற்ப முன்செல்லாதாயின், கியர்ப் பெட்டி வழுக்குகின்றது என்பது பொருள்.

இறக்கம் ஏற்றத்தினும் கொடிது. 2023 சனவரி 20 ஆம் நாள் நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் உயிரிழந்ததை மலையகத்தார் மறந்திருக்க முடியாது. இறங்கும் வண்டியின் வேகமனைத்தையும் பிரேக்கினால் மட்டும் அடக்க முயன்றால், அவ்வேகம் முழுவதும் வெப்பமாக மாறும். பிரேக்கில் உள்ள திரவமோ நாளடைவில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 எனப்படும் வகை, புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிப்பது. ஈரமேறியபின் 140 பாகையளவிலேயே கொதித்துவிடக் கூடும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். மிதியை மிதித்தாலும் அது வெறுமனே கீழே இறங்கும். மழையும் மூடுபனியும் குறையாத எமது பகுதியில் இரண்டாண்டுக்கொருமுறை அத்திரவத்தை மாற்றுதல் நன்று. ஏறுவதற்குரிய கியரிலேயே இறங்குக என்னும் பழைய சாரதிகளின் விதி, தானியங்கி வண்டிக்கும் உரியதே. கியர்த் தண்டைத் தாழ்ந்த நிலையில் வைத்து இறங்கல் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கைச்சில்லு நடுங்கினால், அவ்வண்டி முன்னரே வெப்பத்தால் வருந்தியதென அறிக.

பார்க்கவேண்டிய பிறவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கச் செய்க. நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால்தேநீர் நிறம் கொண்டிருப்பின், எண்ணெயில் நீர் கலந்திருத்தல் கூடும். அத்தகைய வண்டியைத் துணிந்து வாங்கற்க. ரேடியேற்றரில் உரிய குளிர்திரவமின்றிச் செந்நிறத் துருநீர் இருப்பதும் நற்குறியன்று. 2016, 2017 ஆம் ஆண்டுகளின் மே மாத வெள்ளங்களில் தாழ்நிலத்து வண்டிகள் பல மூழ்கின. ஆதலின் இருக்கையின் அடியிலுள்ள ஆணிகளிலே துருவும், தரைவிரிப்பின் கீழே சேறும் உளவோவென நோக்குக. ரயரின் பக்கத்திலுள்ள நான்கிலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. யப்பானிய ஏலத் தாள் இருக்குமாயின், அதிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தை வண்டியிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுக. ஆயினும், அத்தாள் வண்டி யப்பானிலிருந்து புறப்பட்ட நாளின் நிலையையே கூறுமென்பதை மறவற்க.

இவையனைத்தினும் முக்கியமானது பத்திரம். இவ்விடத்தில் எமது பிழையை மறைக்க விரும்புகின்றோமில்லை. வங்கிக் கடனும் நகை அடகு வைத்த பணமும் கொண்டு 2021 இல் நாம் வாங்கிய வண்டி, ஓட்டத்தில் குறையற்றது. ஆனால் விற்றவர் அதன் பதிவுரிமையாளரல்லர். பெயர் மாற்றாது கையொப்பமிட்ட படிவங்களை மட்டும் கைமாற்றும் வழக்கத்தை ஓப்பன் பேப்பர் என்பர். அவ்வாறே எமக்கு விற்றனர். பதிவுரிமையாளரோ வெளிநாடு சென்றிருந்தார். படிவத்திலிருந்த கையொப்பம் அவருடைய கையொப்பத்தோடு பொருந்தவில்லை. 2022 இல் எம் தந்தையார் நோயுற்றபோது, வண்டியை விற்றேனும் வைத்தியச் செலவைச் சமாளிக்கலாமென எண்ணினோம். எமது பெயரில் இல்லாத பொருளை எவ்வாறு விற்பது? மீண்டும் கடன்பட்டோம். பெயர் எமதாவதற்குப் பதினான்கு மாதங்கள் சென்றன. அதே வண்டிதான் மூடுபனி இரவொன்றில் அவரை உரிய நேரத்தில் நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தது என்பதையும் கூறாதுவிடின் நன்றி மறந்தோராவோம்.

ஆகவே பதிவுச் சான்றிதழில் உள்ளவரே விற்பவர்தாமா என்பதை அடையாள அட்டையோடு ஒப்பிட்டறிக. அச்சான்றிதழில் முற்றுரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் காணப்படின், கடன் முற்றாகத் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை முழுப்பணத்தையும் கொடுத்துவிடற்க. காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம் என்பவற்றையும் நோக்குக. விற்பவருக்கும் ஒரு சொல்: பெயர் மாற்றாது விற்ற வண்டி விபத்துக்குள்ளானால், விசாரணை முதலில் உமது வாசலுக்கே வரும்.

எமது கல்லூரியிற் பயின்றோருள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்குவோர். தந்தையின் சேமலாப நிதியோ தாயின் நகையோ அதனுள் அடங்கியிருக்கும். அத்தகைய பணம் ஒரு பெயரின் பளபளப்புக்காகச் செலவாகலாகாது. கையிலுள்ளது முழுவதையும் விலையாகக் கொடாது, பத்திலொரு பங்கையேனும் முதலாண்டுத் திருத்தச் செலவுக்கென ஒதுக்குக. ஒருவரைத் தேர்ந்து நம்புவதற்கென வள்ளுவர் 51 ஆவது அதிகாரத்தைத் 'தெரிந்துதெளிதல்' என வகுத்தார். குணமும் குற்றமும் நாடி மிகுதி கொள்ளும் அம்முறை வண்டிக்கும் பொருந்தும். பிரிமியோவோ, அலியனோ, சில்பியோ, எதுவாயினும் நன்கு பேணப்பட்டதாயும், மலையில் ஓட்டிப் பார்த்ததாயும், பத்திரம் தூயதாயும் உள்ள வண்டியே நல்ல வண்டி.

தோட்டத்து அம்மன் கோயிலின் முன் எலுமிச்சம்பழத்தின் மேல் சில்லை ஏற்றும் நாளிலே, பதிவுச் சான்றிதழும் உங்கள் பெயரிலேயே இருக்கக் கடவதாக.