ஓலையின் அடியில் ஒரு சாம்பல் அந்து

யாழ்ப்பாணத்து வளவுகளில் தென்னையும் பனையும் அருகருகே நிற்கும். இரண்டின் ஓலையிலும் வளரக்கூடிய சிறிய அந்துப்பூச்சி ஒன்று உண்டு. ஒபிசினா அரெனோசெல்லா என்பது அதன் அறிவியற் பெயர். கமக்காரருக்குத் தெரிந்தது அதன் புழு, கருந்தலைப்புழு என்பார்கள். அந்தைக் கண்டவர் குறைவு. சாம்பல் கலந்த வெள்ளை நிறம், சிறகை விரித்தாலும் இரண்டு சென்ரிமீற்றர் அளவுதான். பகலெல்லாம் ஓலையின் அடிப்புறத்தில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். கையிலெடுத்து உற்றுப் பார்த்தால் பெண்ணின் முன்சிறகில் மங்கலாக மூன்று புள்ளிகளும், ஆணின் பின்சிறகு விளிம்பில் மயிர்க்குஞ்சமும் தெரியும்.

அந்து சில நாள்தான் வாழும். புழுவோ ஏறத்தாழ நாற்பது நாள் தின்னும். பட்டுநூலோடு தன் எச்சத்தையும் சேர்த்து ஓலையின் அடியில் நீண்ட கூடு கட்டி, அதற்குள்ளிருந்தபடியே பச்சைப் பகுதியைச் சுரண்டும். மேல்தோல் மட்டும் மிஞ்சும். அடிமட்டைகள் முதலில் காயும். தாக்கம் முற்றினால் மரம் தீப்பட்டதுபோல நிற்கும். வெயிலில் கருகியதென்று எண்ணி இன்னும் தண்ணீர் இறைப்பதில் பயனில்லை. ஓலையைப் புரட்டிப் பழுப்புநிறக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

1864இல் பிரான்சிஸ் வோக்கர் இந்த இனத்தை விவரித்தது இலங்கையில் கிடைத்த அந்துகளைக் கொண்டுதான். இந்தியா, வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலும் அது நெடுங்காலமாக உண்டு. தாய்லாந்தில் 2007 அளவில் தென்பட்டது. 2013இல் சீனாவின் ஹைனான் தீவிலும் கண்டறியப்பட்டது.

கூட்டைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள் என்றே சொல்வேன். கூட்டுக்குள் ஒளிந்த புழுவை மருந்து எட்டுவது கடினம். ஆனால் புழுவின் எதிரிகளை மருந்து எளிதில் கொன்றுவிடும். அவற்றுள் முதன்மையானது கோனியோசஸ் நெபாண்டிடிஸ் என்ற சின்னஞ்சிறு கருங்குளவி. எச்சத்தின் மணத்தைப் பிடித்துக் கூட்டுக்குள் நுழையும். புழுவைக் கொட்டி அசையாமற் செய்து, அதன் உடல்மேல் முட்டையிடும். அதோடு போய்விடாது; குஞ்சுகள் தின்று வளரும்வரை அங்கேயே காவல் இருக்கும். பூச்சிகளிடையே இத்தகைய தாய்மை அரிது. லுணுவிலயில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய குளவிகளை வளர்த்துத் தோப்புகளில் விட்டுவருகிறது. புழு தாய்லாந்தில் பெருகியபோது, அந்நாட்டினர் இக்குளவியை இலங்கையிலிருந்துதான் பெற்றுச் சென்றார்கள்.