ஹாஸ்டலுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் ஒரு ஃபிரெண்டு கூட இல்லையா?

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு என் சித்தி பையன் கால் பண்ணான். இன்ஜினியரிங் சேர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய் ரெண்டு வாரம்தான் ஆகுது. "அண்ணா, எல்லாரும் கேங் ஆயிட்டாங்க. நான் மட்டும் மெஸ்ல தனியா சாப்பிடுறேன். வீட்டுக்கே வந்துடட்டுமா?"ன்னு கேட்டான்.

"போகப் போக சரியாயிடும்டா"ன்னு சொல்லிட்டு வெச்சிருக்கலாம். ஆனா அதே பதிலை எனக்கும் ஒரு காலத்துல சொன்னாங்க. ஒண்ணும் உதவல. அதனால அவன்கிட்ட ஒரு கணக்கு சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்றேன்.

அமெரிக்காவுல கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால்னு ஒரு பேராசிரியர். ஒருத்தர் நமக்கு நண்பராக எவ்வளவு நேரம் ஆகும்னு அவர் ஆய்வு செஞ்சார். 2018ல வெளியான ஆய்வு அது. புதுசா காலேஜ் சேர்ந்த முதலாம் ஆண்டு மாணவர்களும் அதில் இருந்தாங்க. தெரிஞ்ச முகம் சாதாரண ஃபிரெண்டாக சுமார் 50 மணி நேரம். உண்மையான ஃபிரெண்டாக சுமார் 90. நெருங்கிய ஃபிரெண்டாக 200க்கு மேல.

இப்போ ஹாஸ்டலுக்கு வருவோம். ஒரே ஆள்கூட தினமும் மூணு வேளையும் சாப்பிடுறீங்கன்னு வெச்சுக்கோங்க. வேளைக்கு 20 நிமிஷம், ஆக ஒரு நாளைக்கு 1 மணி நேரம். ரெண்டு வாரத்துல 14 மணி நேரம்தான். 50ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல! அதனால ரெண்டு வாரத்துல ஃபிரெண்டு இல்லைன்னா நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தமில்ல. அந்த "கேங்" எல்லாம் கூட பாதி பேர் தனியா இருக்க பயந்து ஒட்டிக்கிட்டதுதான். ரெண்டாவது செமஸ்டர்ல பாருங்க, ஆளே மாறியிருக்கும்.

சரி, அந்த மணி நேரம் எங்கிருந்து வரும்? இதுக்கு ஒரு பழைய ஆய்வு இருக்கு. எம்ஐடில கல்யாணமான மாணவர்கள் தங்கியிருந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை வெச்சு லியோன் ஃபெஸ்டிங்கரும் இன்னும் ரெண்டு பேரும் 1950ல புத்தகமே போட்டாங்க. ஒரு மாடிக்கு அஞ்சு வீடு. பக்கத்து வீட்டுக்காரரை நண்பர்னு சொல்ற வாய்ப்பு 41%. ஒரு வீடு தள்ளி இருந்தா 22%. மாடியோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறும் 10%. இன்னொண்ணு, கீழ்மாடில படிக்கட்டுப் பக்கம் இருந்தவங்களுக்கு மேல்மாடிலயும் நிறைய நண்பர்கள். அவங்க குணம் ஸ்பெஷல்னு இல்ல. வாசல் இருந்த இடம் அப்படி.

இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா ஃபர்ஸ்ட் இயர்ல என் ரூம் காரிடாரோட கடைசி ரூம். மெஸ்ல தனியா உட்கார்றதை யாரும் பார்த்துடக் கூடாதுன்னு, திறந்த உடனே போய் சாப்பிட்டுட்டு வந்துடுவேன். ஒரு சனிக்கிழமை பையைக் கூட கட்டிட்டேன்.

என்னைக் காப்பாத்தினது வைஃபை. ரூம்ல சிக்னல் வராது. வாட்டர் கூலர் பக்கத்துப் படிக்கட்டுலதான் வரும். வேற வழியில்லாம தினமும் ராத்திரி அங்க லேப்டாப்போட உட்கார்ந்தேன். தண்ணி பிடிக்க வர்றவன் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போகணும். "மேத்ஸ் அசைன்மென்ட் முடிச்சியா?"ன்னு ஒரு மெக்கானிக்கல் பையன் கேட்டான். அடுத்த நாளும் கேட்டான். மூணாவது வாரம் ரெண்டு பேரும் வெளில டீக்கடைக்குப் போனோம். என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் அவன்தான்.

ஹால் ஆய்வுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. வகுப்புலயோ வேலையிலயோ சேர்ந்து இருக்கிற நேரத்துக்கு அவ்வளவு மதிப்பில்ல. வெட்டியா டீ குடிக்கிறது, விளையாடுறது, சும்மா பேசுறது, இதுதான் கணக்குல ஏறும். லேப் பார்ட்னர் தானா ஃபிரெண்டாக மாட்டான். டீக்கு நீங்கதான் கூப்பிடணும்.

"கூப்பிட்டா கடுப்பாவானோ?"ன்னு தோணும். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018ல காட்டின விஷயம் இது: புதுசா ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சதும், அவருக்கு நம்மளை எவ்வளவு பிடிச்சதுன்னு நாம குறைச்சுத்தான் எடை போடுறோம். ஒரே விடுதியில தங்கின மாணவர்கள்கிட்டயும் அது மாசக்கணக்குல நீடிச்சிருக்கு.

கடைசியா ஒண்ணு. என் எதிர் ரூம்ல ஒரு பையன் இருந்தான். கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். என் கதவும் அப்படித்தான். ரெண்டாவது மாசம் டிசி வாங்கிட்டுப் போயிட்டான். கதவுல ஒட்டியிருந்த லிஸ்டைப் பார்த்துத்தான் அவன் பேரே எனக்குத் தெரிஞ்சுது. நடுவுல ஆறடி தூரம்தான். நான் தட்டியிருக்கலாம்.

அதனால தம்பிகிட்ட ரெண்டே வேலை சொன்னேன். ரூம்ல இருக்கும்போது கதவைத் திறந்து வை. சாப்பிடப் போறப்ப எதிர் ரூமைத் தட்டி, "மெஸ்ஸுக்கு வர்றியா?"ன்னு கேளு. நேத்து மெசேஜ் போட்டிருந்தான்: "அண்ணா, அவனும் தனியாத்தான் சாப்பிட்டுட்டு இருந்திருக்கான்."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.