ஆண்டிபயாடிக் எதைத் தாக்குகிறது?

‘ஆண்டிபயாடிக் கிருமிகளைக் கொல்லும்.’ மாணவர்கள் கட்டுரையில் அடிக்கடி எழுதும் வாக்கியம் இது. சிக்கல் ‘கிருமி’ என்ற சொல்லில்தான். தமிழில் பாக்டீரியாவும் கிருமி, வைரஸும் கிருமி. ஆண்டிபயாடிக்கோ பாக்டீரியாவுக்கான மருந்து. சாதாரணச் சளியும் டிங்கியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு இது உதவாது.

ஏன் அப்படி? நம் உயிரணுவில் இல்லாத ஒன்றைத் தாக்குவதே இம்மருந்துகளின் வழி. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குச் செல்சுவர் உண்டு, நமக்குக் கிடையாது. பெனிசிலினும் அமோக்சிசிலினும் அந்தச் சுவரைச் சரியாகக் கட்டவிடாது. சுவர் தளர்ந்ததும் நீர் உள்ளே புகுந்து பாக்டீரியா வெடித்துவிடும். வைரஸுக்கு அந்தச் சுவரே இல்லையே, எதைத் தாக்குவது? குறை என்று பார்த்தால் ஒவ்வாமை. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. கிளினிக்கில் “மருந்து அலர்ஜி ஏதும் இருக்கா?” என்று சும்மா கேட்பதில்லை.

இன்னொரு வகை, பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்தும். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், குளோராம்ஃபெனிகால் எல்லாம் இந்த ரகம். குளோராம்ஃபெனிகால் நம் மண்ணோடு தொடர்புடையது. புதர்களில் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை அது குணப்படுத்தும் என்பதை, 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஜோசப் ஸ்மாடல் குழுவினர் காட்டினார்கள். டைபாய்டுக்கும் அது கேட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் பாக்டீரியாவினுடையதைப் போன்ற ரைபோசோம் இருக்கிறதே! எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உற்பத்தி குறையலாம். மிக அரிதாக அது அடியோடு நின்று உயிரிழந்தவர்களும் உண்டு. இன்று இம்மருந்தை அதிகம் பார்ப்பது கண் சொட்டு மருந்தாகத்தான்.

டெட்ராசைக்ளின் சிறுபிள்ளைகளின் வளரும் பற்களில் கறை படியச் செய்யும். சிப்ரோஃபிளாக்சசின் பாக்டீரியாவின் டிஎன்ஏ பெருகுவதைத் தடுக்கும். அரிதாகத் தசைநாண் கிழிந்துவிடும். எந்த வகையானாலும் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். மருந்து சாப்பிடும்போது வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான்.

தேர்வு எழுதுவோர் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘உடல் மருந்துக்குப் பழகிவிடுகிறது’ என்று எழுதாதீர்கள். எதிர்ப்புத்திறன் பெறுவது உடல் அல்ல, பாக்டீரியா. மருந்துக்குத் தாங்காதவை சாகும், தாங்கியவை பெருகும். மிச்ச மாத்திரையைச் சளிக்கு எடுத்து விழுங்கும்போதும் உடம்புக்குள் இதுதான் நடக்கிறது. அப்படித் தப்பிய பாக்டீரியா, ஆண்டிபயாடிக்கைத் தொட்டே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொற்றலாம்.